சீனாவுக்குப் பயணக் குழு அழைத்துச் செல்லும் தமிழ் ஏற்பாட்டாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பயணத் துண்டறிக்கைகளில் கன்ஃபூசியஸின் சொந்த ஊரான சூஃபுவில் உள்ள அவர் கோயிலுக்கு ‘2,500 ஆண்டுப் பழமை’ என்று போடுகிறீர்கள். தலத்துக்கு அது பொருந்தும். கன்ஃபூசியஸ் கி.மு. 479இல் இறந்தார், அடுத்த ஆண்டே அவர் வீடு வழிபாட்டிடம் ஆனதாக மரபு. ஆனால் கட்டடத்துக்குப் பொருந்தாது. 1499இல் கோயில் எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். 1724இல் இடி விழுந்து மறுபடி எரிந்தது. இன்று நாம் பார்க்கும் தாச்செங் மண்டபம் (கன்ஃபூசியஸ் கோயில்களின் பிரதான மண்டபத்துக்கு இதுவே பெயர்) 1730இல் முடிந்த வேலை. முகப்பில் உள்ள பத்து டிராகன் தூண்களும் கல், மரமல்ல.

அதே பயணத்தில் பிங்யாவ் நகரிலும் ஓர் இரவு தங்க வைக்கிறீர்கள். அந்த ஊர் மதிலுக்குள், தென்கிழக்கில் உள்ள கன்ஃபூசியஸ் கோயிலில், ஜின் வம்சக் காலத்தில் 1163இல் எழுப்பிய தாச்செங் மண்டபம் நிற்கிறது. சூஃபு மண்டபத்தைவிட 567 ஆண்டு மூத்தது. குழுவோ வினிகர் கடையிலும் அரக்குப் பெட்டிக் கடையிலும் நின்றுகொண்டிருக்கிறது. கடைகளை விடச் சொல்லவில்லை. மண்டபத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்கிறோம்.

போனால் எதைக் காட்டுவது? சிலையை அல்ல. முகப்புக்கு எதிரே இருபது அடி தள்ளி நிற்க வைத்து, தூணுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள போதிகை அடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சீனத்தில் அதை தோகோங் என்பார்கள். கீழே ஒரு கட்டை, அதன்மேல் குறுக்குக் கைகள், கைகளின் நுனியில் சிறு கட்டைகள், மறுபடி கைகள் என்று முன்னே தள்ளித் தள்ளிப் போய்க் கூரை விளிம்பைத் தாங்கும். இவற்றை இணைப்பது ஆணியல்ல, துளையும் கழுந்தும்தான்.

பிங்யாவில் இந்த அடுக்கு பெரியது, தூண் தலைகளின் மேல் கனமாக உட்கார்ந்திருக்கும். அதில் சாய்வாக வெளியே நீளும் மரங்களை, அதாவது சாய்கைகளை, தனியாகச் சுட்டிக்காட்டுங்கள். சாய்கையின் வெளிமுனையைக் கூரை விளிம்பின் பாரம் கீழே அழுத்தும், உள்ளே போகும் வால்முனையை உள்கூரையின் பாரம் அழுத்தும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யும். பிந்தைய சிங் வம்சக் (1644–1912) கட்டடங்களில் பெரும்பாலும் இந்தச் சாய்கை போலி. படுக்கை மரத்தின் நுனியை அலகுபோலச் செதுக்கி விட்டிருப்பார்கள், பாரம் எதுவும் அதன்மேல் இல்லை.

காலத்தைக் கணிக்கக் குழுவுக்கு எளிய வழி, எண்ணுவது. இரண்டு தூணுக்கு நடுவே உள்ள அங்கணத்தில் எத்தனை போதிகை அடுக்குகள் தனித்தனியே நிற்கின்றன? சோங் (960–1279), ஜின் (1115–1234) காலத்தில் ஒன்று அல்லது இரண்டு, சில இடங்களில் ஒன்றுமே இராது. சிங் காலத்துக்கு வந்தால் நடு அங்கணத்தில் மட்டும் ஆறு, எட்டு என்று நெருங்கி நிற்கும், ஒவ்வொன்றும் சிறுத்திருக்கும். பாரம் தாங்கும் உறுப்பு கொடுங்கைக்கு (வெளியே நீளும் கூரை விளிம்புக்கு) அடியில் ஓடும் அலங்காரப் பட்டையாகிவிட்டது. ஒப்பிட்டுக் காட்ட பெய்ஜிங் கன்ஃபூசியஸ் கோயில் நல்லது. 1302இல் தொடங்கிய தலம் அது. ஆனால் பிரதான மண்டபத்தை ஏழு அங்கணத்திலிருந்து ஒன்பதாக்கியது 1906க்குப் பிறகுதான். அங்கேயே அரசுத் தேர்வில் தேறிய 51,624 பேரின் பெயர் பொறித்த 198 கற்பலகைகளும் உண்டு. அவற்றுக்கு அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று, இது வழிகாட்டிகளே தவறவிடுவது. சோங் அரசு 1103இல் வெளியிட்ட கட்டட விதிநூல்படி வெளித்தூண்கள் செங்குத்தாக நிற்கக் கூடாது. முகப்புத் தூண் நூற்றுக்கு ஒரு பங்கு உள்நோக்கிச் சாய வேண்டும். நடுவிலிருந்து மூலைக்குப் போகப் போகத் தூண் உயரமும் கூட வேண்டும். ஐந்து அங்கண மண்டபத்தில் மூலைத்தூண் நடுத்தூணைவிட ஏறத்தாழ 12 செ.மீ. அதிகம். கூரை விளிம்பு இரண்டு பக்கமும் மெல்ல மேலேறுவதற்கு இதுவும் காரணம். பழைய கட்டடத்தில் தூண் சாய்ந்திருப்பதைப் பார்த்து ‘விழப்போகிறது’ என்று யாராவது சொன்னால் இதை விளக்குங்கள்.

உண்மையிலேயே கெடுவது வேறு இடங்கள். தூண் மண்ணில் புதைவதில்லை, கல் பீடத்தின் மேல் சும்மா உட்காரும். நில ஈரம் மேலேறாமல் இருக்கவும், நிலம் ஆடினால் கொஞ்சம் நகரவும் அதுவே உதவி. சூஃபு கோயிலின் நூலகமான குய்வென் மாடம் 1668 நிலநடுக்கத்தைத் தாண்டி நின்றதற்கு இப்படிப்பட்ட இளகிய இணைப்புகளும் ஒரு காரணம். ஆனால் சுவருக்குள் பாதி மறைந்த தூணுக்குக் காற்றுப் போகாது, அடி உளுத்துவிடும். உளுத்தது தூண் உயரத்தில் கால்பங்குக்குள் இருந்தால் அந்த அளவை அறுத்துப் புதுமரம் ஒட்டி இரும்புப் பட்டை போடுவார்கள். தூண் அடியில் பட்டை தெரிந்தால் பழுதுபார்த்த இடமாக இருக்கலாம். கூரையில் ஓட்டுக்கு அடியில் மண் பரப்பியிருப்பதால் விதை விழுந்து புல் முளைக்கும், வேர் வழியே நீர் இறங்கும், மூலை உத்தரம் முதலில் இற்றுப்போகும். தடித்த சிவப்புப் பூச்சு சணலும் செங்கல்தூளும் தூங் மர விதையின் எண்ணெயும் கலந்தது. ஈரம் காயாத மரத்தின் மேல் பூசினால் உள்ளேயே அழுகும். வெடித்துத் தூக்கி நிற்கும் பூச்சை விரலால் பெயர்க்க விடாதீர்கள்.

வழித்தடம்: பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் ஷிஜியாசுவாங், அருகே ஜெங்டிங். அங்குள்ள கன்ஃபூசியஸ் கோயில் மண்டபத்தை 1933இல் ஆராய்ந்த கட்டடவியலாளர் லியாங் சிச்செங், அது பிங்யாவையும் முந்திய காலத்தது என்றே கருதினார். பிறகு தாய்யுவான் வழியாகப் பிங்யாவ். மறுநாள் காலை நகருக்கு வெளியே ஜென்குவோ பௌத்தக் கோயிலின் 963ஆம் ஆண்டு மண்டபத்தையும் பார்த்துவிட்டால் ஒப்பீடு முழுமையாகும். சூஃபுவுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கோயில் மட்டும் வடக்குத் தெற்காக ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

குழுவுக்கு இரண்டு பைனாகுலர் போதும், 8 மடங்கு பெரிதாக்குவது. மண்டபங்கள் தெற்கு பார்த்தவை. கோடை நண்பகலில் வெயில் உச்சியில் நிற்பதால் கொடுங்கைக்கு அடியில் இருட்டாக இருக்கும், நவம்பரில் வெயில் சாய்ந்து உள்ளே விழும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டச் சொல்லுங்கள். அக்டோபர் 1 முதல் 7 வரை சீனா முழுதும் விடுமுறை, போகவே வேண்டாம். கன்ஃபூசியஸ் பிறந்தநாளான செப்டம்பர் 28இல் சூஃபுவில் சடங்கைப் பார்க்கலாம், கட்டடத்தைப் பார்க்க முடியாது. எது வேண்டும் என்று குழுவிடம் முன்பணம் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.