இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள்?

கடலூர் முதுநகர்,
ஞாயிறு இரவு.

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலிதான் இன்னும் விட்டபாடில்லை. காலையில் கோவிலுக்கு ஆட்டோவில்தான் போய் வந்தோம்.

நேற்று போனில் நீ கடைசியாகச் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. "எல்லாரும் பண்றதுதானேப்பா, நீங்களே எத்தனை பத்திரம் அப்படி எழுதியிருப்பீங்க?" என்றாய். போனை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன், எண்ணி மாளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேச்சில் நீ என்னை ஜெயித்துவிடுவாய். பேனா கையில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும், பத்திரம் எழுதுகிற ரைட்டர் தொழில் அப்படி.

செம்மண்டலத்து மனைக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நீ பிடித்த ஆள் 40 லட்சம் தருகிறார். பத்திரத்தில் 18, மீதி 22 கையில் ரொக்கம். இன்னொருவர் 34 லட்சம், மொத்தமும் வங்கி வழியாக. அவரும் பெரிய நீதிமான் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கடன் போட்டு வாங்குகிறார், அதனால் அவரால் ஒரு ரூபாயைக்கூட மறைக்க முடியாது. வித்தியாசம் 6 லட்சம். அது உன் பிளாட்டுக்குப் போகிற பணம். குறைந்தால் கடன் கூடும், மாதத் தவணை கூடும், மருமகள் வேலையை விட்டுக் குழந்தையைப் பார்க்கலாம் என்று போட்டிருக்கும் கணக்கு தள்ளிப்போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

நீ சொன்ன கணக்கும் எனக்கு மனப்பாடம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 22 லட்சத்தை எழுதாமல் விட்டால் வாங்குகிறவருக்கு ஏறக்குறைய 2 லட்சம் மிச்சம், நமக்கு ஆதாய வரி மிச்சம். இடம் விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகையை அபராதமாகப் போட வருமான வரிச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதுவும் தெரியும். ஆனால் அதைக் காட்டி உன்னைப் பயமுறுத்தப் போவதில்லை. மாட்டிக்கொள்வோம் என்று பயந்து நேராக நடப்பதும் லௌகிக ஞானம்தான். நாளைக்கு மாட்டாது என்று தெரிந்தால் அது மாறிவிடும்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்ததே, அதற்கு மறு வருஷம். நீ பத்தாவது. கேப்பர் மலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். புருஷன் இல்லை, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு ஏக்கர் முந்திரி, பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்துவிட்டது. முந்திரி திரும்பக் காய்க்க வருஷக்கணக்காகும் என்பதால் விற்க வந்தாள். பேசிய விலை 9 லட்சம், பத்திரத்தில் 3. அந்த 3 அன்றே கைக்கு வந்தது. மீதி 6 பட்டா மாறியதும் தருவதாக வாங்குகிறவர் சொன்னார்.

நான்தான் எழுதினேன். எப்போதும் எழுதுகிற வரிதான்: "மேற்படி கிரயத் தொகை முழுவதையும் நாளது தேதியில் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால்..." வழக்கம்போல வாசித்துக் காட்டினேன். அந்த இடத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "முழுசும் இன்னும் வரலியே ரைட்டரய்யா?" என்றாள்.

"அது சும்மா எழுத்துக்கும்மா. எல்லாப் பத்திரத்துலயும் இருக்கிறதுதான்" என்றேன்.

அவள் சுற்றியிருந்த யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், என் மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த சபைக் காலண்டரைப் பார்த்தாள், அப்புறம் பெருவிரலை மையில் வைத்தாள். அந்த மையைத் துடைக்க அவளுக்கு ஒரு துணிகூட நான் கொடுக்கவில்லை. முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

பட்டா மாறியது. பணம் வரவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்து நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு மறந்திருப்பேன். "அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சுக் குடுக்க முடியுமாய்யா?" என்றாள். பதிவான பத்திரத்தில் ஒரு புள்ளியைக்கூட அடிக்க முடியாது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? மனு எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஒரு வக்கீலிடம் அனுப்பினேன், அவர் பத்திரத்தை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதோடு சரி.

அவள் கைரேகை வைத்த அன்று காலையும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனேன். உன் பரீட்சைக்கு, அம்மா உடம்புக்கு, மழைக்கு, போதகர் குடும்பத்துக்கு, எல்லாவற்றுக்கும். அந்த வரிக்கு மட்டும் பண்ணவில்லை. அது எனக்குத் தெரிந்த வேலை, அதில் கர்த்தரிடம் கேட்க என்ன இருக்கிறது? தெரியாத இடத்தில் அவரைத் தேடுவதும், தெரிந்த இடத்தில் அவரை வாசலிலேயே உட்கார வைப்பதும்தான் என் முப்பது வருஷப் பக்தி, தம்பி. ஊரில் எனக்குப் 'புத்திசாலி ரைட்டர்' என்று பெயர். எங்கே எதை எழுதக்கூடாது என்று தெரிந்தவன் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

"உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து" என்று ஞாயிறு பள்ளியில் நீ ஒப்பித்துப் பரிசு வாங்கினாய். அதில் 'சாயாமல்' என்ற சொல்லை நான் வயதான பிறகுதான் கவனித்தேன். சுயபுத்தி வேண்டாம் என்று எழுதியிருக்கவில்லை. அது இல்லாமல் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லைகூட எழுத முடியாது, கிழக்கை மேற்காக்கிவிடுவோம். பவுல் ஏறிய கப்பல் புயலில் சிக்கியபோதும், மாலுமிகள் படகிறக்கித் தப்பப் பார்க்க, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்றுதான் அவர் சொன்னார். தொழில் தெரிந்தவன் கப்பலில் இருக்கட்டும், ஆனால் பாரத்தை அவன்மேல் சாய்க்காதே. அதே கப்பல் கிரேத்தாவை விட்டுப் புறப்படுமுன் நூற்றுக்கு அதிபதி பவுலைவிட மாலுமியையும் கப்பல் எஜமானையும் அதிகமாய் நம்பினான் என்று போட்டிருக்கிறது. தென்றல் மெதுவாக அடித்தது, கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

உன் யோசனையும் அப்படித்தான் இருக்கிறது. தப்பே கண்டுபிடிக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை மொட்டை மாடியில் உட்கார்ந்து இதற்காகவே ஜெபிக்கப் பார்த்தேன். "ஆண்டவரே, அந்த 22 லட்சம் பத்திரமாக வந்து சேர..." என்று ஆரம்பித்தேன், நாக்கு நின்றுவிட்டது. பத்திரத்தில் வராத பணத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி யாரிடம் கேட்கிறேன்? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கீழே அம்மா என்னவோ ஏதோவென்று கூப்பிட்டாள்.

கர்த்தரிடம் ஞானம் கேட்பது என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, சொப்பனமும் வரவில்லை. சபையில் சிலர் "கர்த்தர் என்கிட்ட பேசினார்" என்று சொல்லி, தாங்கள் ஏற்கனவே முடிவு செய்ததையே செய்கிறார்கள், அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காரியத்தை மறைக்காமல் அப்படியே அவர் முன் வாய்விட்டுச் சொல்லிப் பார், எந்த இடத்தில் நாக்கு இடறுகிறதோ அங்கே நில். ஞானம் குறைந்தவன் கேட்கட்டும் என்கிற வசனத்தில் யாக்கோபு "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார். இத்தனை வருஷம் எழுதித் தள்ளியவன் இந்த வயதில் கேட்கத் துணிந்தது அந்த வார்த்தையை நம்பித்தான்.

அதே யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தில் பரத்திலிருந்து வருகிற ஞானத்துக்கு ஒரு வரிசை கொடுக்கிறார். முதலாவது சுத்தம், பின்பு சமாதானம், சாந்தம், இணக்கம். நம்முடைய வரிசை தலைகீழ். முதலில் எல்லோருக்கும் ஒத்துப்போகிற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணுவோம், சுத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

அப்போஸ்தலர் 5-ஐ இந்த வாரம் மறுபடி வாசித்தேன். அனனியா, சப்பீராள் கதையைக் காணிக்கைப் பிரசங்கமாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு ரைட்டராக வாசித்துப் பார். ஒரு நிலம், ஒரு கிரயம், அதில் ஒரு பங்கு மறைவு, புருஷனும் பெண்டாட்டியும் கூடிப்பேசிய ஒரு தொகை. பேதுரு கேட்கிறார்: "நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள், எனக்குச் சொல்." அவள் சொல்கிறாள்: "ஆம், இவ்வளவுக்குத்தான்." சார்பதிவாளர் முன்னால் நின்று நீயும் நானும் சொல்லப்போகிற பதில் அதுதான். அவர்கள் முழுவதும் கொடுத்த மாதிரி காட்டினார்கள், நாம் குறைவாக வாங்கிய மாதிரி காட்டப்போகிறோம், அவ்வளவு வித்தியாசம். விற்றபின்பும் கிரயம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். பணத்தை வைத்துக்கொண்டது அங்கே குற்றமில்லை.

உனக்குப் பழைய கதை பிடிக்கும், ஒன்று சொல்கிறேன். 1740-ல் இந்தக் கடலூருக்கு வந்த சுவீடன் தேசத்து மிஷனரி கீர்நாண்டர். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தா போய்விட்டார். அங்கே சொந்தப் பணம் போட்டு ஒரு ஆலயம் கட்டினார், 1770-ல் பிரதிஷ்டை ஆனது. பிற்பாடு கட்டட முதலீடுகளில் கடன் ஏறி, 1787-ல் சொத்துக்களோடு அந்த ஆலயமும் ஜப்தியாகிவிட்டது. சார்லஸ் கிராண்ட் என்ற கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கொடுத்து மீட்டார். வேதத்தை நம்மைவிட நூறு மடங்கு படித்தவர் கீர்நாண்டர். நான் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் வசனம் தெரிந்திருப்பது வேறு, கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கேட்பது வேறு என்று அவரை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். நேராக எழுதினால் அந்த 6 லட்சத்தைக் கர்த்தர் வேறு வழியில் இரட்டிப்பாகத் தருவார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தராமலும் போகலாம். 'தானே' ஜெபம் பண்ணினவன் தோப்பையும் சாய்த்தது, பண்ணாதவன் தோப்பையும் சாய்த்தது. அப்படி இரட்டிப்புக்காகச் செய்தால் அதுவும் ஒரு வியாபாரம்தான். எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோன்காரன் ஊரை முற்றுகை போட்டிருக்கும்போது, காவலில் இருந்துகொண்டு, ஆனதோத்தில் நிலம் வாங்கினான். 17 சேக்கல் வெள்ளியைச் சாட்சிகள் முன்னால் தராசில் நிறுத்துக் கொடுத்தான். கிரயப் பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கும்படி தன் எழுத்தன் பாருக்கிடம் கொடுத்தான். பாருக்கு எங்கள் தொழிலுக்கு மூத்த அண்ணன்! அந்த நிலத்தில் எரேமியா ஒரு படி கோதுமை அறுத்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

மனை என் பேரில் இருக்கிறது, அதனால் முடிவு என்னுடையது என்று மிரட்டவும் மனமில்லை. ஆனாலும் முடிவு செய்துவிட்டேன். 34 லட்சத்துக்காரரிடம் நேற்று மாலையே சம்மதம் சொல்லிவிட்டேன். உனக்குக் கஷ்டம் வரும். என் ஓய்வுக் கையிருப்பிலிருந்து ஒன்றரை லட்சம் தருகிறேன், வாங்கிக்கொள், வீம்பு பண்ணாதே. ஆதாய வரிக்கு நேர்வழியில் விலக்கு கிடைக்குமா, வீடு யார் பேரில் இருக்க வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேட்டு வை. தெரிந்தவர்களிடம் கேட்காமல் ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டிருப்பவன் நான் இல்லை.

பத்திரத்தை வெளியில் கொடுக்கவில்லை, நானே எழுதிவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு எழுதுகிற முதல் பத்திரம், கை கொஞ்சம் நடுங்குகிறது. கிரயத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் முழுசாக எழுதியிருக்கிறேன். பெற்றுக்கொண்டபடியால் என்ற வரியில் டிடி எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். கைக்கு வந்த பிறகுதான் அதை நிரப்புவேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பதிவு. இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் நம் சபை மூப்பர், இன்னொரு சாட்சி நீயாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். லீவு கிடைத்தால் புதன் ராத்திரி பஸ் ஏறு, விடியுமுன் வந்துவிடலாம். ஆதார் கார்டை மறக்காதே, போன தடவை மாதிரி போட்டோ மட்டும் போனில் கொண்டுவராதே, அசலைக் கேட்பார்கள். துறைமுகத்தில் சங்கரா மீன் வந்தால் வாங்கி வைப்பதாக அம்மா சொல்கிறாள். மருமகளையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா