ஐந்து மாத வேலைத் தேடலில் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கடந்த திங்கட்கிழமை புதிய நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளராகப் பணியில் சேர்ந்துவிட்டேன். உதவிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் தொடங்கினேன். ஆனால் ஒருவருடைய உதவியைச் சொல்லப்போனால் இன்னொருவர் செய்ததையும் சொல்ல வேண்டியிருந்ததால், எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

குழு கலைக்கப்படுவதாக ஒரு காலைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். கூட்டம் முடிவதற்குள் மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டது. மாலையில் அலுவலக மடிக்கணினியையும் ஒப்படைத்துவிட்டேன். ஏழு ஆண்டுகளாகக் கணினியே கதியென்று இருந்தவனிடம் சொந்தமாக ஒரு கணினி இல்லை என்பது அன்றிரவுதான் உறைத்தது. மறுநாளே தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்த நண்பருக்கு என் முதல் நன்றி. பேட்டரி நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காது, இடப்பக்க ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று அதன் குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி மூடிக்குள் வைத்திருந்தீர்கள். நான் படித்தவற்றிலேயே நேர்மையான ஆவணக் குறிப்பு அதுதான்.

என் ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுத்த முன்னாள் சக ஊழியருக்கு அடுத்த நன்றி. "பணப் பரிமாற்றச் சேவையில் பணியாற்றினேன்" என்று எழுதியிருந்த வரியைச் சுழித்து, "பணியாற்றி என்ன செய்தீர்கள்?" என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இணைப்பு அறுந்து ஒரே கோரிக்கை இரண்டாம் முறை வந்தாலும் பணம் ஒருமுறைதான் கழிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஐடெம்பொட்டன்சி கீ (அந்தக் கோரிக்கையை அடையாளம் காட்டும் தனிக் குறியீடு) சேர்த்து, அதைத் தரவுத்தளத்தில் சரிபார்க்கும் பகுதியை நான் எழுதியிருந்தேன். அதை அப்படியே எழுதச் சொன்னீர்கள். பின்னர் நடந்த நேர்காணல்களில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கின.

தங்கள் நிறுவனங்களில் ரெஃபரல் கொடுத்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். வலைத்தளங்கள் வழியாக நேரடியாக விண்ணப்பித்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மறுப்புக்கூட வரவில்லை. கூப்பிட்டுப் பேசியவர்கள் பெரும்பாலும் உங்கள் பரிந்துரையைப் பார்த்துப் பேசியவர்களே. உங்களில் மூவருடைய நிறுவனங்களில் நான் தேர்வாகவில்லை. அதற்காக நீங்கள் என்னிடம் வருத்தம் தெரிவித்தீர்கள்; உங்கள் பெயரைப் பணயம் வைத்தும் தோற்றவன் நான் என்பதால், வருத்தம் தெரிவிக்க வேண்டியவன் நானே.

மறுத்த நிறுவனம் ஒன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்துக் காரணம் சொன்ன அம்மையாரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. காரணம் சொல்வதில்லை என்பது பல நிறுவனங்களின் வழக்கம். பொதுவான இரண்டு வரி மின்னஞ்சலோடு கதவு மூடிவிடும். "விடை சரிதான், ஆனால் இருபது நிமிடம் நீங்கள் வாயே திறக்கவில்லை; உங்களோடு உட்கார்ந்து எப்படி வேலை செய்வது என்று குழுவினருக்குத் தெரியவில்லை" என்றீர்கள். அதுவரை, மேலும் கணக்குகள் போட்டுப் பழகினால் போதும் என்று தப்புக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாய்விட்டுச் சிந்திக்கப் பழக்கியவர், சனிக்கிழமைதோறும் மாதிரி நேர்காணல் நடத்திய என் பழைய குழுத் தலைவர். முதல் வாரம் பைனரி சர்ச், அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் நிரல், எழுதச் சொன்னீர்கள். இதையுமா கேட்பார்கள் என்ற அலட்சியத்தோடு எழுதினேன். இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து நடு இடத்தைக் கண்டுபிடித்த வரியைக் காட்டி, கூட்டுத்தொகை 2147483647-ஐத் தாண்டினால் என்னவாகும் என்று கேட்டீர்கள். 32 பிட் முழு எண்ணில் அடங்கும் உச்ச மதிப்பு அதுதான்; தாண்டினால் கூட்டுத்தொகை எதிர்மறையாகிவிடும். இதே பிழை ஜாவா நிரல்மொழியின் சொந்த நிரல் நூலகத்திலேயே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்ததையும், 2006இல் அதை வெளிப்படையாக எழுதியவர் அந்த நிரலை உருவாக்கிய ஜோஷுவா பிளாக்கே என்பதையும் சொல்லிவிட்டு, "தன் பிழையைத் தானே சொல்லக் கூச்சப்படாத ஒருவரை யாரும் வேலைக்கு எடுப்பார்கள்" என்றீர்கள்.

'நாங்கள்' என்ற சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கியவரும் நீங்கள்தான். அடக்கம் என்று நினைத்து "நாங்கள் வடிவமைத்தோம், நாங்கள் சரிசெய்தோம்" என்று பேசிக்கொண்டிருந்தேன். அதில் என் பங்கு எது என்று எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இறுதிச் சுற்றில் தோல்வி ஒன்றைச் சொல்லச் சொன்னபோது, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் மிகப் பெரிய அட்டவணை ஒன்றில் 'கன்கரன்ட்லி' (மற்ற பதிவுகளைத் தடுக்காமல் செய் என்னும் கட்டளைச் சொல்) சேர்க்காமல் இன்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் சுட்டுப் பட்டியல், உருவாக்கி, அது முடியும்வரை அந்த அட்டவணையில் தரவு பதியும் பணிகள் அனைத்தையும் நிறுத்திவைத்த கதையைச் சொன்னேன். "நான் செய்தேன்" என்றே தொடங்கினேன். அதன் பிறகு அரைமணி நேரம், அத்தகைய மாற்றங்களை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்பதைப் பற்றியே பேசினோம். வேலை கிடைத்தது அந்த அரைமணி நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

"இன்னும் ஒன்றும் அமையவில்லையா?" என்ற உறவினர்களின் தொலைபேசி விசாரணைகள் என்னை எட்டாமல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு, இதை எழுதிக் காட்டினால் சிரிப்பாள் என்று தெரிந்தும், இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, மடிக்கணினி கொடுத்த நண்பருக்கு ஒரு தகவல். என் கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டேன். குறைகள் எழுதிய தாளில், வெப்கேமராவும் அவ்வப்போது நின்றுவிடும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நம் பழைய குழுவில் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் மடிக்கணினியைக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு நீங்கள் சம்மதித்ததால், இந்தச் சனிக்கிழமை காலை மாதிரி நேர்காணலுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகிறேன். இந்த முறை கேள்வி கேட்கப்போவது நான்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்களில் ஒருவன்