பசியாறிவிட்டுப் போ, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ ஃபோனில் அழுததை அப்பாவிடம் சொல்லவில்லை. "இனிமே அந்த கிளாஸ் பக்கமே போகமாட்டேன்மா" என்றாய். தெம்பனீஸிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து ஜூரோங்குக்கு வந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் பேசினால் நாம் இரண்டு பேருமே அழுதுவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

லீவில் இருக்கும் டீச்சருக்குப் பதிலாக, ரிலீஃப் டீச்சராக நீ போயிருக்கும் வகுப்பு தொடக்கநிலை மூன்று என்றாய். நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஒன்று, இரண்டில் வகுப்புக்கு முப்பது பேர்தான். மூன்றில் நாற்பது வரை போகும். அறிவியலும் அந்த வருஷம்தான் தொடங்குகிறது. இதற்கு நடுவில் ஒருநாள் காலையில் அவர்களுடைய டீச்சரைக் காணோம், நாற்காலியில் யாரோ ஒரு அக்கா. கத்தாமல் என்ன செய்வார்கள்? அந்தச் சத்தம் உன்மேல் உள்ள வெறுப்பு இல்லைம்மா.

இதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாளானது. ரிலீஃப் டீச்சராகப் போன முதல் வருஷம், தமிழ் வகுப்பு ஒன்றில் ஒரு பையன் ஸ்கேலை மேசை விளிம்பில் வைத்து டிர்ர்ர் என்று அடித்துக்கொண்டே இருந்தான். முறைத்தேன், நிறுத்தினான். திரும்பினேன், மறுபடி டிர்ர்ர். மூன்றாம் நாள் எனக்குக் கத்தத் தெம்பில்லை. பயிற்சித்தாள் கட்டை அவன் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் கொடுத்துட்டு வாப்பா" என்றேன். கொடுத்து முடித்துவிட்டு என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றான். மிச்சத் தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சமமாக்கியபடி, யாருக்கும் கேட்காத குரலில், "டீச்சர், எங்க டீச்சர் செத்துட்டாங்களா?" என்றான்.

அவர் பிரசவத்துக்குப் போயிருந்தார். பிள்ளைகளுக்குத் தெரியும் என்று பெரியவர்கள் நாங்கள் எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தோம். "பாப்பா பொறந்திருக்குப்பா, நல்லா இருக்காங்க" என்றேன். இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு ஸ்கேல் பைக்குள்ளேயே இருந்தது.

அதனால் நாளைக்கு முதல் வேலையாக, அவர்களுடைய டீச்சர் எங்கே, எப்போது வருவார் என்று சொல்லிவிடு. எவ்வளவு சொல்லலாம் என்று முன்னாலேயே ஆபீஸில் கேட்டுக்கொள். பிள்ளைகள் வருவதற்குள் நீ வகுப்பில் இரு. யார் எங்கே உட்காருவார்கள் என்ற படம் மேசையில் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து ஒரு ஆறு பேரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடு. மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான் என்றாயே, அவன் பெயர் அதில் முதலில் இருக்கட்டும். டீச்சர் எப்படிக் கைதட்டினால் அமைதியாவார்கள் என்று மானிட்டரைக் கேள். அதையே நீயும் தட்டு. அவர்கள் பழகிய வழக்கத்துக்குள் நீ நுழைவது சுலபம், உன் வழக்கத்துக்கு அவர்களை ஒரே நாளில் இழுக்க முடியாது.

குரலை உயர்த்தாதே. நாற்பது குரலோடு ஒரு குரல் போட்டி போட முடியாது. நிறுத்திவிட்டுக் காத்திரு. அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும், இருந்தாலும் காத்திரு.

இன்னொன்று. இதை எழுத இன்றைக்கும் மனசு கூசுகிறது. ஒருமுறை கோபத்தில் ஒரு வகுப்பு முழுவதையும் ரிசெஸுக்கு விடாமல் பதினைந்து நிமிஷம் பிடித்து வைத்தேன். அப்புறம் கேண்டீன் பக்கம் போனால், ஒரு சின்னப் பெண் நூடல்ஸ் கடை வரிசையில் கடைசியாக நிற்கிறாள். அவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. உள்ளங்கையில் காசை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். விடியுமுன் ஸ்கூல் பஸ் ஏறிய பிள்ளை, காலையில் பசியாறவில்லையாம். சத்தம் போட்டவர்களில் அவள் இல்லவே இல்லை. நாலு பேர் செய்ததற்கு நாற்பது பேரைத் தண்டிக்காதே. அதிலும் சாப்பாட்டு நேரத்தில் கை வைக்கவே கூடாது.

யாராவது அடித்துக்கொண்டாலோ, வகுப்பை விட்டு ஓடினாலோ, பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சனிக்கிழமை வந்துவிடு, மீன் குழம்பு வைக்கிறேன். அந்த மேசைக்கடிப் பையனைப் பற்றி எனக்கு இன்னும் நிறையக் கேட்க வேண்டும்.

நாளைக்குக் காலையில் வெறும் மைலோவோடு ஓடாதே. ஒழுங்காகப் பசியாறிவிட்டுப் போ.

உன் அம்மா