"கடை திறக்கலாமா?" என்று கேட்காதே

தாண்டிக்குடி,
கார்த்திகை 18

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் கேள்வித்தாளும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. இங்கே காபிப் பழம் பறிப்பு தொடங்கியாயிற்று. மழை விட்டுவிட்டுப் பெய்வதால் களத்தில் காயப்போட்டதை நாளுக்கு மூன்று தடவை தார்ப்பாய் போட்டு மூட வேண்டியிருக்கிறது. அங்கே பச்சைத் தேயிலை என்ன விலை போகிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, கேள்வித்தாள். கோத்தகிரிப் பக்கம் நானூறு பேரிடம் கஞ்சாவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கப் போகிறாய். நல்ல வேலைதான். ஆனால் முதல் கேள்வியிலேயே வழுக்குகிறது: "கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா? ஆம் / இல்லை." இதை ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு பாட்டியிடமும் எஸ்டேட் லைனில் ஒரு அக்காவிடமும் படித்துக் காட்டிப் பார். சட்டபூர்வமாக்குவது என்ற சொல் யார் வாயிலும் புழங்குவதில்லை. "டாஸ்மாக் மாதிரி இதுக்கும் கடை திறக்கப் போறாங்களா?" என்றுதான் காதில் விழும். 2003 முதல் அரசே சில்லறையில் சாராயம் விற்கிற மாநிலம் இது. அனுமதி என்றாலே கம்பி போட்ட ஜன்னலும் வரிசையும்தான் கண்முன் வரும். "இல்லை" என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொன்னால், அது கடைக்குச் சொன்ன "இல்லை". கஞ்சா வைத்திருந்த பையனை ஜெயிலில் போடு என்பதற்கான "ஆமாம்" அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதே.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1969-லிருந்து ஆம்/இல்லை என்றே கேட்டு வருகிறது. அந்த வருடம் 12 சதவீதம் ஆம், 2023-இல் 70. அதற்குச் சில மாதம் கழித்து, 2024 ஜனவரியில், பியூ நிறுவனம் மூன்று பதில் கொடுத்துக் கேட்டது: மருந்துக்கும் பொழுதுபோக்குக்கும் சரி என்றவர்கள் 57, மருந்துக்கு மட்டும் என்றவர்கள் 32, எதற்குமே கூடாது என்றவர்கள் 11. அதே நாடு, கிட்டத்தட்ட அதே காலம். நடுவில் ஒரு படி வைத்ததும் ஆட்கள் அதில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நியூசிலாந்தில் 2020-இல் நிஜமாகவே வாக்கெடுப்பு நடத்தினார்கள், முழு மசோதாவையும் முன்கூட்டியே வெளியிட்டு. வேண்டாம் 50.7, வேண்டும் 48.4. விவரம் கையில் வந்ததும் ஜனங்கள் விவரத்துக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

ஆகவே அந்த ஒரு கேள்வியை நாலாக உடை: பிடிபட்டவரை என்ன செய்வது, மருந்து, நார்ப் பயிர், கடை. கடையைக் கடைசியில் வை. முதலில் வைத்தால் மற்ற மூன்றின் மேலும் அதன் நாற்றம் ஒட்டிக்கொள்ளும்.

பிடிபட்டவரைப் பற்றிக் கேட்குமுன் இன்றைய சட்டத்தை நாலு வரியில் படித்துக் காட்டு. இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் கேஸே கிடையாது என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். தொட்டாலே பத்து வருஷம் என்று மீதிப் பேர். இரண்டும் தப்பு. 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு: ஒரு வருடம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை போனால் பத்து வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். வணிக அளவு என்று வந்துவிட்டால் குறைந்தது 10, கூடினால் 20 வருடம். அபராதம் ஒன்றிலிருந்து இரண்டு லட்சம். ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கஞ்சாவைப் புகைத்ததற்கு மட்டும் என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிசினாக எடுத்த சரஸ் என்றால் கணக்கே வேறு: 100 கிராம் வரைதான் சிறிய அளவு, 1 கிலோவுக்கு மேல் வணிக அளவு.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதே இல்லை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு: அடிமையாகிப்போன ஒருவர், சிறிய அளவுக்காகவோ புகைத்ததற்காகவோ பிடிபட்டிருந்தால், தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். இது தெரியாமல்தான் எத்தனையோ வீட்டில் பையனை மறைக்கிறார்கள். "இப்படி ஒரு பிரிவு இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்பதையே ஒரு கேள்வியாக வை. என்னைக் கேட்டால் உன் தாளில் மிகவும் உபயோகமான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சொற்களில் கவனமாக இரு. "போதை" என்று எழுதினால் சாராயம், மாத்திரை, கஞ்சா எல்லாம் ஒரே குவியலாகிவிடும்; எதை நினைத்துப் பதில் சொன்னார்கள் என்று பிறகு பிரிக்க முடியாது. கஞ்சா என்றே எழுது. இங்கே கொடைக்கானல் பக்கம் கேட்பதானால் போதைக் காளானையும் தனியாகப் பிரிக்க வேண்டும், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டார்கள். நார்ப் பயிர்க் கேள்வியில் நீ "சணல்" என்று போட்டிருக்கிறாய். சணல் என்றால் சாக்கு நினைவுக்கு வரும். சணப்பு என்று திருத்தினால் பசுந்தாள் உரம் என்பார்கள். இரண்டுமே வேறு செடிகள். "போதைச் சத்து மிகக் குறைந்த கஞ்சா ரகத்தை நாருக்காகப் பயிரிட" என்று நீட்டி எழுது. உத்தராகண்டில் உரிமத்தோடு அனுமதிக்கிறார்கள், டி.எச்.சி. என்ற அந்தப் போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பயிர் அந்த அளவைத் தாண்டினால் அழிக்க வேண்டியதுதான், நட்டம் விவசாயிக்கு. தேயிலை விலை விழுந்தபோதெல்லாம் மாற்றுப் பயிர் தேடுகிற உங்கள் ஆட்களுக்கு அதையும் சொல்லிவிட்டுக் கேள்.

மருந்துக் கேள்விக்கு ஒரு முன்குறிப்பு போதும். சித்தத்தில் கோரக்கர் மூலி என்ற பெயரில் இது பழைய சரக்கு. இன்றும் அது சேர்ந்த மருந்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டியது என்ற எச்சரிக்கையோடுதான் விற்கப்பட வேண்டும். வலிப்பு நோயில் சில அரிய வகைகளுக்கு, இதிலிருந்து எடுத்த சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018-இல் அனுமதித்தது. அதில் போதை கிடையாது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விளைவுகளைப் பற்றி நீ எழுதிய "கஞ்சா உடலுக்குக் கெட்டதா?" என்ற கேள்வியை அடித்துவிட்டேன், கோபிக்காதே. கெட்டது என்று எல்லோரும் சொல்வார்கள், அதிலிருந்து உனக்கு ஒன்றும் தெரியவராது. அதற்குப் பதில் வாக்கியங்களைக் கொடுத்து சரி, தப்பு, தெரியாது என்று கேள். "ஒரு தடவை தொட்டால் விடாது": தப்பு. தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார், பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். "நிறுத்தினால் உடம்பு ஒன்றும் செய்யாது": இதுவும் தப்பு. தினமும் பிடித்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்தில் அடங்கும். இதைத் தெரியாத வீட்டார் "விட்டதும் இன்னும் மோசமாயிட்டான்" என்று பயந்துபோகிறார்கள். "சாப்பிட்டால் புகைப்பதைவிடப் பாதுகாப்பு": நுரையீரலுக்கு வேண்டுமானால் சரி. ஆனால் புகை சில நிமிடத்தில் ஏறும். வயிற்று வழி ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஏறவில்லையே என்று இன்னொரு துண்டு சாப்பிடுவதில்தான் ஆபத்து.

மலைப்பாதைக்காக ஒன்று சேர்த்துக்கொள்: "கஞ்சா பிடித்தவன் நிதானமாக வண்டி ஓட்டுவான்." மெதுவாக ஓட்டுவான் என்பது வாஸ்தவம். ஆனால் வண்டி கோட்டுக்குள் நிற்காது. ஒரே நேரத்தில் வளைவையும் எதிரே வரும் பஸ்ஸையும் பார்க்கிற திறன் குறைந்துவிடும். சாராயமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஊதிப் பார்க்கிற கருவி சாராயத்தை மட்டும்தான் காட்டும். சிறுநீர்ச் சோதனையோ எதிர்ப்பக்கம் தப்பு செய்யும். தினமும் பிடித்தவர் நிறுத்தி மூன்று வாரம் ஆனாலும் "இருக்கிறது" என்று காட்டும், இப்போது போதையில் இருக்கிறாரா என்பதைச் சொல்லாது.

"பைத்தியம் பிடிக்கும்" என்ற வாக்கியத்தைச் சரி, தப்பு என்று கேட்கவே கேட்காதே. அது இரண்டிலும் அடங்காது. வீரியம் கூடிய சரக்கைத் தினமும் பிடிப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் அபாயம் பல மடங்கு கூடுகிறது என்று ஐரோப்பிய ஆய்வு 2019-இல் காட்டியது. குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் ஒதுங்கியிருப்பதே நல்லது. அதே சமயம் இந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது என்பதையும் பார். 1892-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் மனநோய் விடுதிகளில் சேர்ந்த 1344 பேரில் 222 பேருக்கு, காரணம் என்ற கட்டத்தில் கஞ்சா வகைகள் என்று எழுதியிருந்தது. 1893-94-இல் கூடிய கஞ்சா விசாரணை ஆணையம் அந்த ஒவ்வொரு ஏட்டையும் பிரித்துப் பார்த்தது. இது மட்டுமே காரணம் என்று நியாயமாகச் சொல்லக்கூடியவர்கள் 61 பேர். வேறு காரணமும் கலந்தவர்கள் 37 பேர். மீதிப் பேருக்கு? கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று, ஆளின் பூர்வோத்திரம் தெரியாத போலீஸ்காரர் எழுதியதை டாக்டர் அப்படியே நகல் எடுத்திருந்தார். கேள்வித்தாளில் காலிக் கட்டம் வைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 222 ஞாபகம் வரும். "தெரியாது" என்ற கட்டம் இல்லாத ஒரு கேள்விகூட உன் தாளில் இருக்கக் கூடாதடி.

இனி எண்ணிக்கை. "நீங்கள் கஞ்சா பிடித்ததுண்டா?" என்று நேராகக் கேட்டால் பொய் சொல்வார்கள் என்று நாணயம் சுண்டும் முறையைப் போட்டிருக்கிறாய்: தலை விழுந்தால் எல்லோரும் "ஆம்", பூ விழுந்தால் உண்மை. அழகான முறைதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார். நானூறு பேரில் 224 "ஆம்" வந்தால், நாணயத்தால் வந்த 200-ஐக் கழித்து, 24 பேர் 200-இல், அதாவது 12 சதவீதம். பிழை கூடக் குறைய 10. ஆக 2 முதல் 22 வரை எதுவும் இருக்கலாம். 2019-இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பு 10 முதல் 75 வயதுக்குள் ஒரு வருடத்தில் கஞ்சா, சரஸ் பயன்படுத்தியவர்கள் 1.2 சதவீதம் என்கிறது; சாராயம் 14.6. உன் நானூறில் ஐந்து பேர். தராசில் கடுகை நிறுக்க முடியுமா? போதாததற்கு, தொட்டே பார்க்காதவர்கள் தலை விழுந்தாலும் "ஆம்" சொல்லக் கூசுவார்கள், கணக்கு மைனஸில்கூடப் போகும். அந்தக் கேள்வியை எடுத்துவிடு.

அந்த இடத்தில் இதை வை. தாளை இரண்டு வகையாக அச்சடி. 'அ' தாளில்: "சுற்றுலா வந்த 22 வயதுப் பையனிடம் 100 கிராம் கஞ்சா பிடிபட்டது. என்ன செய்யலாம்?" 'ஆ' தாளில் எல்லாம் அதே, "சுற்றுலா வந்த" என்பதற்குப் பதில் "உங்கள் ஊர்". பதில்கள் நாலு: ஜெயில், அபராதம், சிகிச்சை, எச்சரித்து விடுவது, கூடவே "தெரியாது". வீட்டுக்கு வீடு மாற்றி மாற்றிக் கொடு. தாளுக்கு 200 பேர் என்றால் இரண்டுக்கும் இடையே பத்துக்குக் குறைவான வித்தியாசம் வந்தால் அதைப் பற்றிப் பேசாதே, தற்செயலாக இருக்கலாம். பத்துக்கு மேல் வந்தால் பேசலாம். கேள்வி வரிசையையும் மாற்றிப் பார்க்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம், நாலு வகைத் தாளாகி வகைக்கு நூறு பேர்தான் மிஞ்சுவார்கள்.

தாளை மகளிர் குழுத் தலைவியிடம் கொடுத்து வாங்கிவரச் சொல்லாதே. அவரிடம் கடன் பாக்கி இருப்பவர் உண்மை எழுதமாட்டார். கல்லூரியில் ஆசிரியர் இருக்கும் அறையில் வேண்டாம். லைன் வீடுகளுக்கு, பறித்த இலையை எடைபோட்டு முடிந்த பிறகு போ. ஹட்டிகளுக்கு படுக மொழி பேசுகிற பெண் போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கேள்வியைப் படித்துவிட்டு, ஐந்து நிற அட்டையில் ஒன்றை உறையில் போடச் சொல்லி நீ முதுகைத் திருப்பிக்கொள். சிவப்பு, பச்சை, கறுப்பு, காவி அட்டை வேண்டாம், கட்சிக் கணக்காகிவிடும்.

என் கருத்தைக் கேட்டிருந்தாய். பிடித்தவனை ஜெயிலுக்கு அனுப்புவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. கடை திறப்பதும் கூடாது. கல்லா நிரம்ப ஆரம்பித்தால் மூட மனசு வராது என்பதை சாராயத்தில் பார்த்துவிட்டோம். தாய்லாந்து 2022-இல் மொத்தமாகத் திறந்துவிட்டு, 2025-இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூ என்று திரும்பிப் போக வேண்டியிருந்தது. இதை உன் தாளைக் கொண்டுபோகிற பெண்களிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவர்கள் முகத்தில் தெரிந்துவிடும்.

ஒன்பதாவது கேள்வியை, "உங்கள் ஊரில் எங்கே கிடைக்கிறது?", சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அதைத் திரும்பச் சேர்த்தால் இரண்டாம் நாள் உன் பெண்களை யாரும் திண்ணையில்கூட உட்கார விடமாட்டார்கள், போலீஸ் ஆள் என்பார்கள். முதலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடு. திருத்திய தாளை இதோடு வைத்திருக்கிறேன். அரைக் கிலோ காபித்தூளும் வருகிறது, சிக்கரி கலக்காதது.

அன்புடன்,
தேவி