மோட்டார் கருகுவது ஏன்?

ஆசிரியருக்கு,

விடுமுறை வந்தாலே ஏற்காடு அடிவாரத்து மண்மேட்டில் ரிமோட் கார் ஓட்டும் பிள்ளைகள், கருகிய மோட்டாரோடு என் கடைக்கு வருகிறார்கள். கரித்துண்டு (பிரஷ்) இல்லாமல் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டாரே மட்டம் என்கிறார்கள். அப்படியில்லை. வேகத்துக்கு ஆசைப்பட்டு, மோட்டார் தண்டில் இருக்கும் பினியன் என்ற பல்சக்கரத்தைப் பெரிதாக மாட்டுவதுதான் பெரும்பாலும் காரணம்; பல் கூடினால் மோட்டாருக்குச் சுமையும் கூடும்.

3,300 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3,300 சுற்று) மோட்டார் 7.4 வோல்ட் பேட்டரியில் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 24,400 சுற்று சுற்றும், 11.1 வோல்ட்டில் 36,600. பேட்டரியை மாற்றினால் பினியனில் பல்லைக் குறைக்க வேண்டாமா? மேடும் புழுதியும் என்றால் இன்னும் குறையுங்கள். சேலத்து வெயில் வேறு! சில நிமிடம் ஓட்டியதும் மோட்டாரில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள்.

இதையெல்லாம் உங்கள் மாணவர் பக்கத்தில் படத்தோடு வெளியிட வேண்டுகிறேன்.

- ரிமோட் கார் பழுதுபார்ப்பவர், கன்னங்குறிச்சி, சேலம்