செஸ்ட் கிளியர், சார்

அன்புள்ள சார்,

அந்த அம்மா போய் இன்றோடு ஒரு வருஷம். யார், எந்த வார்டு என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் என் தப்பு. அன்று ராத்திரி போனில் மூச்சுத் திணறல், கால் வீக்கம், கழுத்து நரம்பு புடைப்பு, மேல் பி.பி. 90, மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் வாங்கியவர் என்றெல்லாம் சொன்னேன். செஸ்ட் கிளியர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். ஸ்டெதஸ்கோப்பில் நுரையீரல் இரண்டு பக்கமும் அடிவரை கரகரப்பே இல்லை, அதாவது உள்ளே நீர் கோக்கவில்லை. டாக்ஸோரூபிசின் என்றதும் இதயத் தசைதான் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. மொத்த டோஸ் ஏற ஏற ஆபத்தும் ஏறும், வருஷங்கள் கழித்தும் வரும். "லேசிக்ஸ் 40 போடு, காலையில எக்கோ ஸ்கேன் பார்க்கலாம்" என்றீர்கள். உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வடிக்கும் அந்த மருந்தைப் போட்டேன்.

ஆனால் "செஸ்ட் எப்படி இருக்கு?" என்று நீங்களும் கேட்கவில்லையே, சார்.

அதற்குப் பிறகுதான் மணிக்கட்டைப் பிடித்தேன். மூச்சை இழுக்கும்போது நாடி மங்கியது, விட்டதும் திரும்பியது. ஆட்டோமேட்டிக் மெஷினைத் தள்ளிவைத்துவிட்டு, கையால் கட்டும் கஃபில் காற்றை மெல்ல இறக்கினேன். 88-இல் சத்தம் வந்தது, மூச்சு விடும்போது மட்டும். இழுக்கும்போதும் அறுபடாமல் கேட்டது 70-இல்தான். வித்தியாசம் 18, பத்தைத் தாண்டினாலே இதயத்தைச் சுற்றி நீர் நெருக்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஈ.சி.ஜி.யில் அலைகள் எல்லாம் குட்டை, அதிலும் ஒன்று உயரம், அடுத்தது தாழ்வு என மாறி மாறி. இதயம் நீரில் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது.

இதய உறையில் நீர் நெருக்கும்போது, உள்ளே வந்து சேரும் ரத்தத்தின் அழுத்தம்தான் அறைகளை நசுங்காமல் தாங்குகிறது. லேசிக்ஸ் அதையும் வடித்துவிடும். வென்டிலேட்டர் காற்றும் ரத்தம் உள்ளே வருவதைத் தடுக்கும். நீரின் அளவை விட அது சேர்ந்த வேகம்தான் முக்கியம். சட்டென்று சேர்ந்தால் 200 மில்லியே ஆளைச் சாய்க்கும், வாரக்கணக்கில் சேர்ந்தால் ஒரு லிட்டரும் தாங்கும்.

விடியற்காலை நீங்களே இதய உறைக்குள் ஊசி குத்தி நீரை எடுத்தீர்கள். ரத்தம் கலந்த நீர் முதல் 50 மில்லி வந்ததுமே பி.பி. 110. அவ்வளவு அமைதியான கையை நான் பார்த்ததில்லை. அந்தக் கை ராத்திரியே வந்திருக்கலாம். இதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் டெஸ்ட்டை நீங்கள் அனுப்பச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும், ஏறியிருப்பதை மட்டும் வைத்து எதையும் பிரிக்க முடியாது. செஸ்ட் கிளியர், கழுத்து நரம்பு புடைப்பு, பி.பி. குறைவு என்றால் உடனே எக்கோ. சுற்றிலும் நீர், வலது அறைகள் நசுங்கல் என்றால் ஊசி. வலது பக்கம் உப்பியிருந்தால் நுரையீரலில் ரத்தக்கட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் புதிய இம்யூனோதெரபி வாங்குகிறவர்கள் வேறு கதை, அவர்களுக்கு இதயத் தசையே அழற்சியால் வீங்கலாம். அப்போது இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ஏறியிருக்கும், ஆஞ்சியோவில் அடைப்பு இருக்காது. கண் இமை தொங்கினால், ஈ.சி.ஜி.யில் ஹார்ட் பிளாக் (ரத்தக்குழாய் அடைப்பு அல்ல, இதயத்தின் மின்னோட்டம் தடைபடுவது) வந்தால், எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்காமல் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு கிராம். 5-எஃப்.யு. என்ற புற்றுநோய் மருந்தின் டிரிப் ஓடும்போதே மார்பு வலி வந்தால் முதலில் டிரிப்பை நிறுத்த வேண்டும், இதய ரத்தக்குழாய் இறுகியிருக்கலாம். இடது மார்பில் கதிர்வீச்சு வாங்கியவருக்கு நிஜமான அடைப்பே வரலாம். அப்படி அடைப்பு வந்தவருக்கும் பிளேட்லெட் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஆஸ்பிரினை மறுக்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

டியூட்டி ரூம் போனுக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "செஸ்ட் எப்படி என்று சொல்லிவிட்டு மற்றதைச் சொல்." உங்கள் பெயர் அதில் இல்லை.

இன்னொன்று. நீர் வடிய வைத்திருந்த அந்த டிரெயின் குழாயை எடுத்துவிடலாமா என்று தினமும் நச்சரித்தேன். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வராமல் எடுக்கக் கூடாது, இந்த நீர் திரும்பச் சேரும் என்று நீங்கள் அசையவே இல்லை. நாலாம் நாள் 20 மில்லி. அந்த அம்மா நடந்தேதான் வீட்டுக்குப் போனார்.