எங்கள் காய் என்ன விலைக்குப் போனது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கம்பம்மெட்டுக்கு மேலே தோட்டமும் கீழே கம்பத்தில் வீடுமாக வாழும் சிறு விவசாயிகளில் ஒருவன் இதை எழுதுகிறேன்.

2007இல் மின்னணு ஏலம் வந்தது. வாய்விட்டு விலை கேட்டது போய், வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஏலக்கூடத்து வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே லாட் (ஒருவர் ஏலத்துக்கு வைக்கும் காய்த் தொகுதி) விற்றதும் விலை திரையில் வந்துவிடுகிறது. மூட்டையைக் கொடுத்த எங்கள் கையில் இருப்பதோ ஒரு துண்டுச் சீட்டு மட்டும். சாயங்காலம் ஆபீசுக்குப் போன் போட்டால் லைன் கிடைப்பதில்லை.

அதற்குள் அன்றைய உச்ச விலை வாட்ஸ்அப்பில் மலை முழுக்கச் சுற்றிவிடுகிறது. மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு வரத்து, விற்பனை, உச்ச விலை, சராசரி விலை எல்லாவற்றையும் அன்றன்றே வெளியிடுகிறது; ஊரில் பேச்சாவது உச்ச விலை மட்டும்தான். அது நல்ல பச்சை நிறமும் பருமனும் உள்ள ஏதோ ஒரு லாட்டுக்குக் கிடைத்ததாக இருக்கும். தன் காய்க்கும் அதுதான் என்று நம்பி ஒருவர் கூலிக்கும் உரத்துக்கும் கணக்குப் போட்டுவிடுகிறார். பிறகு குறைவான தொகை வரும்போது உங்கள் மேல் சந்தேகம் வருகிறது. நீங்கள் தப்பே செய்யாவிட்டாலும் வருகிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

லாட் விற்றவுடன் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். லாட் எண், எடை, சாம்பிளுக்கு எடுத்தது, கிலோ விலை, பிடித்தம், பணம் வரும் தேதி, இவ்வளவு போதும். மலையாளம் படிப்பவர்களுக்கு மலையாளத்தில் போகட்டும். விற்காமல் நின்ற லாட்டுக்கும் செய்தி வேண்டும். அடுத்த ஏலத்தில் விடலாமா என்று காய்க்காரரிடம் கேட்டுவிட்டு விடுங்கள்.

தயவுசெய்து இதற்கென்று புதிய ஆப் எதுவும் வேண்டாம். மேலே பல தோட்டங்களில் சிக்னல் வந்து வந்து போகும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு, பதிவு செய்த குரலில் ஓர் அழைப்பு போனால் போதும்.

விவரமெல்லாம் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. செய்தி தானாகப் போனால் விலை கேட்டு வரும் போன்கள் குறையும், உங்கள் ஊழியர்கள் எடை, கணக்கு, பட்டுவாடா வேலையைத் தடையில்லாமல் பார்க்கலாம். ஆனால் அதைச் சாக்கிட்டு ஆட்களைக் குறைத்துவிடாதீர்கள். எடையில் சந்தேகம் என்றால் பேச ஒரு மனிதர் வேண்டும், அவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த பருவத்தின் முதல் காய் எடுப்புக்கு முன்னால் ஒரே ஓர் ஏலத்திலாவது இதைச் செய்து பாருங்கள். போன் எண்களைச் சேகரிக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு நானே போய் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
கம்பத்து ஏலக்காய் விவசாயி ஒருவன்